பீச்சில் வாங்கித் தந்த சுண்டல்

சேசு மரி சூசை துணை
சீர்காழி, 29-1-1971

அன்பு மகள் அருள்செல்விக்கு அப்பா வேதநாயகம் எழுதுவது. ஆண்டவர் தயவில் நானும் அம்மாவும் நடமாடிக்கொண்டிருக்கிறோம், பிலாயில் குளிர் குறைந்ததா, நைட் டியூட்டியில் வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று எழுது. அம்மாவுக்கு மெட்ராஸ் பீச்சைக் காட்டுங்கள் என்று எழுதியிருந்தாய். காட்டிவிட்டேன். போன விதம்தான் சரியில்லை, உள்ளபடி எழுதுகிறேன், பதறாமல் படி.

குத்தகைக்கு உழுகிறவர்கள் பேரைச் சர்க்கார் பதிகிறது உனக்குத் தெரியும். பதிந்துவிட்டால் நம்மை நிலத்தைவிட்டு எழுப்ப முடியாது. இந்தச் சமயத்தில் மிராசுதாரின் காரியஸ்தர் பஞ்சநதம் வீடு தேடி வந்து, பொங்கலுக்காகக் குத்தகைக் குடும்பம் நாலையும் முதலாளி செலவில் வேனில் மெட்ராஸ் அழைத்துப் போவதாகச் சொன்னார். சாந்தோம் கோவிலும் உண்டு என்றதும் அம்மாவுக்கு ஆசை. நான் வயலைப் பார்த்துவிட்டு வந்தேன், கதிரில் பச்சை மாறவில்லை, அறுப்புக்கு இன்னும் பத்து நாளாவது ஆகும். பச்சைக் கதிரில் அரிவாள் வைக்க எவனுக்கும் மனசு வராது என்று நம்பி வேன் ஏறினோம். அதுதான் தப்பு.

திருவல்லிக்கேணி லாட்ஜில் தங்கினோம். பீச்சில் அவ்வளவு கூட்டம், ராட்டினம், குதிரைச் சவாரி, பலூன் சுடுகிறவர்கள், மீன் காட்சிசாலை. உழைப்பாளர் சிலையைப் பார்த்து நம் பக்கத்து வயல் ஐயாவு, இவங்களும் ஏதோ மிராசுக்குத்தான் வேலை பாக்கிறாங்க போல, வேட்டிகூட மிஞ்சலை என்றான், சிரித்தோம். பஞ்சநதம் எல்லாருக்கும் சுண்டல் வாங்கித் தந்து, அவசரமென்ன, இன்னும் ரெண்டு நாள் இருந்து பார்க்கலாம் என்றார். அம்மா பொட்டலத்தைப் பிரிக்காமலே என்னிடம், "களத்துல ஒரு வாய் மோர் ஊத்தாத மனுசன் பீச்சுல சுண்டல் வாங்கித் தர்றாரு. கடலைப் பாக்காம நம்மளையே பாத்துக்கிட்டு நிக்கிறாரு. கிளம்புங்க" என்றாள். ஐயாவுவையும் கூப்பிட்டேன், ஓசி வேனை விட்டுட்டு யாராவது ரயிலுக்குக் காசு கொடுப்பாங்களா அண்ணே என்று மணலில் படுத்துக்கொண்டான். நாங்கள் மட்டும் எழும்பூர் போய் ரயில் பிடித்தோம்.

விடிந்து வந்து பார்த்தால் வெளியூர் ஆட்கள் வரிசையாக இறங்கி அறுத்துக்கொண்டிருந்தார்கள். ஐயாவு வயல் முழுக்க அறுத்த தாளாகக் கிடந்தது, நம்முடையதில் பாதி போய்விட்டது. வரப்பில் மிராசுதார் ஆட்கள் தடியோடு நின்றார்கள். அம்மா பட்டணம் போன சேலையோடு சேற்றில் இறங்கி, அறுத்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம், "இது என் வயலு தாயி, நானே அறுத்துக்கிறேன்" என்று கையை நீட்டினாள். அந்தப் பெண் வரப்பை ஒரு தரம் பார்த்தாள், அரிவாளைக் கொடுத்துவிட்டு ஒதுங்கினாள். மத்தியானம் பேர் பதிய ரெவின்யூ இன்ஸ்பெக்டர் வந்தார். எல்லாம் முதலாளியே செய்கிற பண்ணைச் சாகுபடி, குத்தகைக்காரர் என்று யாருமில்லை என்றார்கள் தடிக்காரர்கள். அவர் வருகிற நாளுக்கென்றே அறுப்பை வைத்திருக்கிறார்கள். அம்மா நிமிர்ந்து, "வயல்ல நிக்கிறவ நான். என்னைக் கேளுங்க" என்றாள். அவர் அவள் கையைப் பார்த்து, பேரைக் கேட்டு எழுதிக்கொண்டார்.

ஐயாவு வயலிலும் மற்ற ரெண்டு குடும்பத்து வயலிலும் கேட்க ஆளில்லை. மறுநாள் வந்த ஐயாவு தாளில் உட்கார்ந்தவன்தான், பொழுது சாய்ந்துதான் எழுந்தான். வருகிற வியாழக்கிழமை தாலுக்கா ஆபீசில் விசாரணை, அவர்களுக்கும் சேர்த்து அம்மா சாட்சி சொல்லப் போகிறாள். போகக் கூடாது என்று மிராசுதார் ஆள் அனுப்பியிருக்கிறார். போவோம். நீ லீவு போட்டுவிட்டு ஓடி வராதே, அன்றைக்குக் காலையில் மாதாவுக்கு ஒரு அருள் நிறைந்த மந்திரம் சொல், போதும். அந்தப் பெண்ணின் அரிவாள் நம் வீட்டில் இருக்கிறது, எந்த ஊர் என்று கேட்கவில்லை, விசாரித்துக் கொடுக்க வேண்டும்.

மாதா உன்னைக் கைவிடாமல் காப்பாள். உடம்பைப் பார்த்துக்கொள். அம்மா கடலில் கால் நனைக்கவில்லை, நீ வரும்போது கூட்டிப் போ, அறுப்பு முடிந்த பிறகு.

உன் அப்பா,
சூ. வேதநாயகம்