நுண்ணிலைக் கற்பித்தல் அறை

4 ஆகஸ்ட், திங்கள்

காலையிலிருந்து புழுக்கம். மூடிக்கொண்டு வந்த மழை பெய்யாமல் போயிற்று. தொழிற்பேட்டைப் பக்கத்துக் காற்று. மாடியில் காய்ந்த வெள்ளைப் புடவையில் மறுபடியும் கரிப்பொட்டு. வீட்டு வேலைக்கு வரும் ஜெயந்தி இரண்டாம் முறை அலசினாள், முணுமுணுப்போடு.

பதினொரு மணிக்குப் பல்கலைக்கழகத்திலிருந்து ரம்யா. விழா மலர் வேலையைப் பார்க்கும் பெண். செருப்பை வாசலில் நேராக விட்டாள், யாரோ வளர்த்திருக்கிறார்கள். நிறுவனத்தின் வரலாறு நாலு பக்கம் எழுதியிருக்கிறார்கள். நான் சரிபார்த்துத் தர வேண்டும்.

"பழைய ஸ்டாஃப்ல நீங்க ஒருத்தர்தான் மேடம் இருக்கீங்க."

உயிரோடு இருப்பதுதான் தகுதி. சரி.

கிளம்பும்போது சொன்னாள்: பழைய கட்டடத்தை இடிக்கப் போகிறார்களாம். சாமான்கள் காயலான் கடைக்கு. "ஒரு பீரோ நிறைய கேசட் மேடம். பூஞ்சை புடிச்சுக் கிடக்கு. யாருக்கு வேணும்?"

"ஆமாம். யாருக்கு வேண்டும்" என்றேன்.

அவள் கார் தெருமுனை திரும்பும்வரை வாசலிலேயே நின்றேன். கூப்பிட்டிருக்கலாம்.

5 ஆகஸ்ட், செவ்வாய்

வாங்க வேண்டியவை: சிவப்பு மைப் பேனா, கண்ணுக்கு மருந்து, ரவை.

திருத்தம் தொடங்கினேன். 'தொலைநோக்கு' முதல் பக்கத்திலேயே இரண்டு இடத்தில். அடித்தேன். 'சிறு விதையாக ஊன்றப்பட்டு' என்கிறார்கள். விதை எல்லாம் இல்லை. ஓடு வேய்ந்த கொட்டகையில் ஆசிரியர் பயிற்சிப் பள்ளி. மழைக்காலத்தில் கரும்பலகையை நகர்த்திக்கொண்டே பாடம் நடத்துவோம். ஆரணி, பழவேற்காடு, ஊத்துக்கோட்டைப் பெண்கள். வீட்டில் முதன்முதலாகப் பேனா பிடித்தவர்கள் பாதிப் பேர். இரண்டு வருஷம் கழித்து வாத்தியாரம்மாவாக ஊர் போய்ச் சேர்வார்கள். அதை எழுதியிருக்கலாமே.

பிறகு பி.எட். கல்லூரி. தொழிற்பேட்டை வளர வளர டிரஸ்டுக்கும் ஆசை வளர்ந்தது: இன்ஜினியரிங், பார்மசி, நர்சிங். பிறகு பல்கலைக்கழகம், தங்க எழுத்துப் பலகை. நாலாம் பக்கத்தில் எல்லாத் துறையும் இருக்கிறது, ஆசிரியர் பயிற்சி மட்டும் இல்லை. ரம்யாவுக்கு போன் செய்து கேட்டேன். "அந்தக் கோர்ஸை இந்த வருஷத்தோட எடுத்துட்டாங்க மேடம். யாரும் சேர்றதில்ல."

அப்போதும் கேசட்டைப் பற்றிக் கேட்கவில்லை. நாக்கு நுனிவரை வந்தது.

கேசட் எல்லாம் நுண்ணிலைக் கற்பித்தல் அறையில் பதிந்தவை, அந்த அறை என் வீட்டுக்காரருடைய பொறுப்பு. ஒரு பயிற்சி மாணவி, ஆறு நிமிடப் பாடம், எதிரே தோழிகளே பிள்ளைகளாக உட்கார்ந்திருப்பார்கள். மேஜை மேல் டேப் ரெக்கார்டர். மணி அடித்ததும் அவர் தன் அபிப்பிராயம் சொல்வார், அதுவும் பதிவாகும். பிறகு எல்லாவற்றையும் போட்டுக் கேட்பார்கள். தன் குரலைக் கேட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொள்ளாத பெண் கிடையாது.

வீட்டில் அவருடைய புகைப்படங்கள் ஒரு பெட்டி நிறைய. குரல் இல்லை. செல்போனில் பிடித்து வைக்கும் காலத்துக்கு முன்பே போய்விட்டார். அவர் சொன்னவை எல்லாம் ஞாபகம் இருக்கின்றன. காபியில் சர்க்கரை போதவில்லை என்பது, என்னை 'டீச்சர்' என்று சீண்டுவது. ஆனால் எல்லாம் என் குரலில்தான் கேட்கின்றன. எப்போதிருந்து இப்படி என்று தெரியவில்லை.

7 ஆகஸ்ட், வியாழன்

பல்கலைக்கழகத்துக்கே போய்விட்டேன். ஜெயந்தியிடம் கண் மருந்து வாங்கப் போவதாகச் சொன்னேன். ஷேர் ஆட்டோ. கஞ்சி போட்ட புடவை முழுக்கக் கசங்கியது.

வாசலில் செக்யூரிட்டி.

"இன்னா ஆயா, யாரைப் பார்க்கணும்?"

"ஆயா இல்லை."

"சரி மேடம். உங்ககிட்ட பாஸ் கீதா?"

"இந்த கேட் வருவதற்கு முன்னாலேயே நான் உள்ளே இருந்தவள்."

"இருந்திருப்பீங்கோ. இப்ப வெளியதானே கீறீங்கோ."

அவன் சொன்னது சரி. நாற்காலி எடுத்துப் போட்டான், அதையும் எழுத வேண்டும். "உக்காருங்கோ, வெயில்ல நின்னுகினு இன்னா பண்ணப் போறீங்கோ." உட்காரவில்லை.

ரம்யா இறங்கி வந்தாள். திருத்திய பக்கங்களை நீட்டினேன். வாங்கிக்கொண்டாள். அத்தோடு திரும்பியிருப்பேன். அவள்தான், "இதுக்காகவா மேடம் இவ்வளவு தூரம்?" என்றாள்.

"இல்லை. அந்தக் கேசட்டுகளில் என் வீட்டுக்காரர் குரல் இருக்கலாம். எனக்கு அது வேண்டும்."

வேண்டும் என்று வெளியாளிடம் நான் சொல்லி எத்தனை காலம் ஆயிற்று.

"திங்கக்கிழமையே சொல்லியிருக்கலாமே மேடம்" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். இந்தக் காலத்துப் பெண்களுக்குத் தொடுவது எளிதாக இருக்கிறது.

பழைய கட்டடத் தாழ்வாரத்தில் சாக்குகள், வாய் கட்டி. வண்டி மாலையில் வருவதாக இருந்ததாம். கேசட் சாக்கைக் கீழே கொட்டினோம். ஒவ்வொரு வருஷமும் போன வருஷப் பதிவின் மேலேயே புதிதாகப் பதிவோம். கேசட் வாங்கக் கல்லூரியில் வசதி இருந்ததில்லை. பிறகு ரெக்கார்டர் பழுதாகிவிட்டது, அந்த வருஷம் எது பதிவாகியிருந்ததோ அதுதான் மிச்சம். மேலே ஒட்டிய சீட்டுகளில் பாடத் தலைப்பு: பின்னங்கள். விதை பரவுதல். நீர் ஆவியாதல். அவர் கையெழுத்து, ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக நின்றது. பாதிக்கு மேல் நாடா ஒட்டிப்போயிருந்தது. தேறுவது போல் இருந்த மூன்றைக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். "ஊத்துக்கோட்டைல எங்க அப்பாகிட்ட டேப் ரெக்கார்டர் இருக்கு மேடம். யாரையும் தொடவிடமாட்டாரு. நான் கெஞ்சிப் பார்க்கிறேன்."

நுண்ணிலைக் கற்பித்தல் அறைக்குள் எட்டிப் பார்த்தேன். ஜன்னல்களைக் கழற்றிவிட்டார்கள். நல்ல வெளிச்சம்.

கண் மருந்து வாங்க மறந்தேன்.

9 ஆகஸ்ட், சனி

தகவல் இல்லை. போனைச் சமையலறைக்கும் எடுத்துப்போகிறேன், அசிங்கமாக இருக்கிறது. ரவை கிச்சடி, உப்பு கூடிவிட்டது.

மகன் புனேயிலிருந்து பேசினான். "கண்ணுக்கு மருந்து போடுறியாம்மா?" போடுகிறேன் என்றேன். கேசட்டைப் பற்றிச் சொல்லவில்லை. கிடைக்காமல் போனால் இரண்டு பேர் ஏமாற வேண்டாம்.

10 ஆகஸ்ட், ஞாயிறு

ரம்யாவின் செய்தி. ஒன்றில் வெறும் இரைச்சல். இன்னொன்று நாடா சிக்கி அறுந்துவிட்டது, ரெக்கார்டர் கெட்டால் தன் பாட்டுக் கேசட்டுகளை எதில் கேட்பது என்று அப்பா திட்டுகிறாராம். மூன்றாவதைச் சுத்தம் செய்கிறார்.

'பரவாயில்லை, சிரமப்பட வேண்டாம்' என்று தட்டினேன். அழித்தேன். 'காத்திருக்கிறேன்' என்று அனுப்பினேன்.

மாலை நல்ல மழை.

12 ஆகஸ்ட், செவ்வாய்

வந்துவிட்டது. பத்தரைக்கு, போனில், மூன்றாவது கேசட்டின் பதிவு. கை கழுவித் துடைத்துவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்து போட்டேன்.

முதலில் ஒரு பெண். நீர் ஆவியாதல். பயந்த குரல், மூச்சு விடாமல் ஒப்பிக்கிறாள். யாரென்று தெரியவில்லை, இப்போது ஓய்வு பெற்றிருப்பாள். பின்னால் ரயில் போகிறது. மணி. நாற்காலி நகரும் சத்தம். பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டு அவர்:

"எல்லாம் சரியாத்தான்மா சொன்னே. ஆனா யாருகிட்ட சொன்னே? போர்டுகிட்ட சொல்லிட்டு நிக்கிறே."

பெண்கள் சிரிக்கிறார்கள். அவரும் சிரிக்கிறார். அந்தச் சிரிப்பை நான் மறந்தே போயிருந்தேன், கடைசியில் மூக்கால் ஒரு சின்ன மூச்சு. அவ்வளவுதான், நாடா முடிந்துவிட்டது.

ஜெயந்தி துடைப்பத்தோடு வந்து நின்றாள். "யாரும்மா பேசுறது, நம்ம பூனா அண்ணனா?"

"இல்லை. ஐயா." அவள் அவரைப் பார்த்ததில்லை.

"ஐயாவா? சின்ன வயசுக்காரராட்டம் கீறாரு. இன்னொரு தபா போடும்மா."

போட்டேன். அவருக்கு அப்போது நாற்பது முடியவில்லை. மகனுக்கு இப்போது ஐம்பத்திரண்டு. இத்தனை வருஷமும் அவரையும் என்னோடு சேர்த்து நரைக்கவைத்துக்கொண்டே வந்திருக்கிறேன். இந்தக் குரல்காரர் இன்று கும்மிடிப்பூண்டி பஸ்ஸில் என்னைப் பார்த்தால் எழுந்து இடம் கொடுப்பார்.