வாசிப்பு மேசையில் நின்றுபோன பெயர்

புலவாயோ
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் நொதாண்டோவுக்கு,

விடிந்ததும் முதல் வேலையாகக் குழாயைத் திறந்து பார்த்தேன், நாலு நாளுக்குப் பிறகு தண்ணீர் வந்தது, இருக்கிற வாளியெல்லாம் நிரப்பிவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். நான் சுகமாக இருக்கிறேன், அலுப்பு மட்டும்தான். லீட்ஸ் குளிரில் உன் உடம்பு எப்படி இருக்கிறது, இருமல் நின்றதா என்று எழுது.

நேற்று என் நாடகத்துக்கு நாலாவது வாசிப்பு. சர்ச் கூடத்தில் அதே நீள மேசை, ஆளுக்கொரு பிரதி, ஒரு பென்சில். எல்லோரும் வாசித்துக் கருத்துச் சொல்லி ஓயும்வரை எழுதியவள் வாயைத் திறக்கக்கூடாது, இது இயக்குநர் லிண்டானியின் சட்டம். உன் அப்பாவைப் புதைத்த ஏழாம் நாள், மகன் வீடு எனக்குத்தான் என்று உன் தாத்தா நம்மை வெளியே தள்ளிப் பூட்டியதை, உன் பள்ளிக்கூடப் பை உள்ளேயே கிடந்ததை, மூன்று சனிக்கிழமையாக மற்றவர்கள் வாசிக்கக் கேட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன். இரண்டாம் பாகம் நீளமாம், அழுகையைக் குறைக்கணுமாம். தாத்தாவாக வாசிப்பவர் ரயில்வேயில் ஓய்வுபெற்ற மாசுகு. நேற்று தொடங்குமுன் தேநீர் கொடுத்தபோது, எல்லோரையும் போல என் பிறந்த வீட்டுப் பெயரால் கூப்பிட்டு, "மாசிபாண்டா, மூணு வாரமா உங்கள வீட்ட விட்டுத் துரத்துறேன், இன்னும் எனக்குச் சர்க்கரை தூக்கலாப் போட்டுத் தர்றீங்களே" என்றார். சிரித்தேன், சிரிக்கவும் தெம்பு வேண்டியிருந்தது.

மருமகளாக வாசிக்கும் சிபுசிசிவே நேற்று வரவில்லை, பிள்ளைக்குக் காய்ச்சல். என்னையே வாசிக்கச் சொன்னார்கள். பூட்டிய கதவின் முன் நின்று மருமகள் மாமனாரைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் இடம் வந்தது. அங்கே உன் தாத்தாவின் சொந்தப் பெயரையே எழுதியிருக்கிறேன் என்று உனக்குத் தெரியும். எழுதும்போது கை கூசவில்லை. ஆனால் மாமனார் பெயர் மருமகள் வாயில் வரக்கூடாது என்பதுதானே நம் வழக்கம், கல்யாணமாகி இருபத்தைந்து வருஷத்தில் அந்தப் பெயரை ஒருமுறைகூட உச்சரித்ததில்லை, அலுவலகங்களில் கேட்டால்கூட எழுதித்தான் காட்டுவேன். நேற்றும் நாக்கு எழவில்லை. சுற்றியிருந்த பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள், அவர்களும் மருமகள்கள்தானே. லிண்டானி பென்சிலால் அந்த வரியை அடித்துவிட்டு, "இப்படியே இருக்கட்டும் மாசிபாண்டா. பேரைச் சொல்லமுடியாம நிக்கிறீங்க பாருங்க, அதுதான் அழகு" என்றான். எல்லோரும் ஆமாம் போட்டார்கள். அடுத்த மாதம் மேடையேற்ற என் நாடகத்தையே எடுத்தும்விட்டார்கள். போன வாரம் நீயும் போனில், தாத்தா படுத்த படுக்கையா இருக்கார், பேரை மட்டும் எடுத்துடுங்கம்மா என்று கெஞ்சினாய். ஞாயிறுதோறும் அவரோடு பேசுகிறாய், நான் தடுத்ததில்லை, தடுக்கவும் மாட்டேன். ஆக, உனக்கு நிம்மதி, அவர்களுக்கு நல்ல காட்சி. எனக்குத்தான் வீடு வந்தும் உட்கார முடியவில்லை. அவர்கள் அழகு என்றது என் பயத்தை, மகளே.

வேலை முடிந்து வந்து வெறும் வயிற்றோடு தூங்காதே. பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்க மறந்துவிடாதே. கடவுள் உன்னோடு இருக்கட்டும், உன் அப்பா வழி முன்னோர்களும் உனக்குக் காவல் இருக்கட்டும், அவர்களோடு எனக்குச் சண்டை இல்லை.

இதை இன்னும் யாரிடமும் சொல்லவில்லை, உனக்குத்தான் முதலில். சிபுசிசிவேயிடம் அந்தப் பாத்திரத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளப் போகிறேன். மேடையில் அந்தக் கதவின் முன் நின்று உன் தாத்தாவின் பெயரை நானே, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, சொல்லப்போகிறேன். நீ கோபித்துக்கொண்டாலும் சரி.

உன் அம்மா
சித்தோகோசிலே