பாதி வெட்டிய தலை

அம்மாவுக்கு வணக்கம். முழங்கால் வலி குறைந்ததா? அப்பா சர்க்கரை மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா? நான் நலம். இப்போது என் தலையைப் பார்த்தால் நீ சிரிப்பாய்.

இங்கே முகாம் போட்டிருக்கும் வெளிநாட்டு ராணுவத்துக்குத் துணி துவைப்பவன் நான் என்று சலூன்காரரிடம் சொன்னதில்லை. எட்டு மாதமாக, "வா மாப்பிள்ளை, பொண்ணு பார்க்கப் போறியா?" என்றுதான் வரவேற்பார். நேற்று பாதி வெட்டியிருந்தார். கழுத்துத் துணியைச் சரிசெய்தபோது நான் மாட்டியிருந்த முகாம் அடையாள அட்டை சட்டைக்கு வெளியே வந்தது. கத்தரி நின்றது.

"உங்க லாரி அடிச்சுத்தான் போன வாரம் என் தங்கச்சி செத்துப்போனா. ஓட்டினவனை எங்க கோர்ட்டுல நிறுத்த முடியாதாம். ரெண்டு நாட்டுக்கும் அப்படி ஒப்பந்தமாம். அந்த டிரைவர் இப்ப எங்க இருக்கான், தம்பி?"

"தெரியாதுண்ணே."

துணியை உருவி உதறினார். "எந்திரி" என்றார்.

தெரியும் அம்மா. திங்கட்கிழமை மதிய விமானத்தில் அந்த டிரைவரை அவன் நாட்டுக்கே அனுப்பிவிட்டார்கள். அவன் சீருடைகளை அவசரமாக இஸ்திரி போட்டு மடித்துக் கொடுத்தது நான்தான். காலர் நன்றாக நிற்கிறது என்று சொல்லி நன்றியோடு வாங்கிக்கொண்டான். செத்தது யார் என்று அன்றைக்குக் கேட்கக்கூடத் தோன்றவில்லை எனக்கு.

சித்தப்பா மகன் வரும்போது ஒரு தொப்பி கொடுத்து அனுப்பு. முகாமிலும் முடி வெட்டுவார்கள். ஆனால் மீதியை அவரிடம்தான் வெட்டிக்கொள்ள வேண்டும், தெரிந்ததைச் சொன்ன பிறகு. சொன்னால் வேலை போய்விடும். அப்பாவுக்கு இதைப் படித்துக் காட்டாதே.

முகாமில் வேலை மணி அடித்துவிட்டது. சலூனுக்கு ஞாயிற்றுக்கிழமை போகிறேன்.

உன் மகன்