நான்காம் கட்டம்

பிப்ரவரி 26

பெரியவன் அப்பாவுக்கு,

இங்கே நான் நலம். உங்கள் நலம் அறிய ஆவல் என்று எழுதத்தான் வேண்டும். ஆனால் ஆவலைவிட எரிச்சல்தான் அதிகமாக இருக்கிறது. நேற்று போனில் நான் சொன்ன எதுவும் உங்கள் காதில் விழவில்லை. "ம், சரி சரி" என்று வைத்துவிட்டீர்கள். எதற்குச் சரி என்று கேட்டால் உங்களுக்கே தெரியாது. அதனால்தான் கடிதம்.

இந்த முதியோர் குடியிருப்புக்கு வந்து இருபத்தைந்து நாள் ஆகிறது. நாற்பத்தெட்டு வீடுகள். எனக்கு இரண்டாம் மாடியில் முப்பத்தாறாம் எண். ஒரு படுக்கையறை, ஒரு கூடம், இரண்டு பேர் நின்றால் இடித்துக்கொள்கிற சமையலறை. லிஃப்ட் வாரத்தில் நாலு நாள் ஓடுகிறது, மிச்ச நாளில் "பழுது பார்க்கப்படுகிறது" என்ற அட்டை தொங்குகிறது. யார் பழுது பார்க்கிறார்கள் என்று இதுவரை நான் கண்ணால் கண்டதில்லை. கீழே எல்லோருக்கும் பொதுவாகத் துணி துவைக்கும் அறை. யார் ஈரத்துணியை யார் எடுத்து வெளியே போட்டார் என்று தினம் ஒரு பஞ்சாயத்து. ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் இருபத்தெட்டு வருஷம் உழைத்தவள் நான். இவர்கள் வெள்ளையையும் சாயம் போகிற துணியையும் ஒன்றாகப் போடுவதை வாயைப் பொத்திக்கொண்டு பார்க்க வேண்டியிருக்கிறது.

குளியலறையில் ஒரு சிவப்புக் கயிறு தொங்கியது. துண்டு போட வைத்திருக்கிறார்கள் என்று நினைத்து ஈரத்துண்டைப் போட்டேன். மணி அலறி, வாட்ச்மேனும் எதிர்வீட்டு நர்ஸம்மாவும் மூச்சு வாங்க ஓடி வந்துவிட்டார்கள். விழுந்தால் இழுப்பதற்காம். சொன்னால்தானே தெரியும்!

இப்போது விஷயம். கணவனும் வருவார் என்று நான் எழுதிக் கொடுத்ததால்தான் இருவர் வீடு கிடைத்தது. குடிவந்த தொண்ணூறு நாளுக்குள் நீங்களே படிவம் நிரப்பிக் கையெழுத்துப் போட்டுச் சேர வேண்டும். மே இரண்டாம் தேதி கடைசி. தவறினால் என்னைத் தரைத்தளத்தில், குப்பை அறைக்குப் பக்கத்தில், ஒருவர் அறைக்கு மாற்றிவிடுவார்கள். அதன் பிறகு நீங்கள் தலைகீழாக நின்றாலும் சேர முடியாது. படிவம் இத்துடன் இருக்கிறது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படியுங்கள்.

இப்படிக்கு,
பெரியவன் அம்மா


மார்ச் 10

அன்புள்ள பெரியவன் அம்மாவுக்கு,

கடிதமும் படிவமும் கிடைத்தன. படிவத்தை யார் தயார் செய்தார்களோ, ஒரு கட்டத்துக்கும் அடுத்த கட்டத்துக்கும் சம்பந்தமே இல்லை. "பிறந்த தேதி" என்று இரண்டு இடத்தில் கேட்கிறான். ஒருவன் இரண்டு தடவையா பிறப்பான்? பதிவு அலுவலக வாசலில் நாற்பது வருஷம் உட்கார்ந்து ஊருக்கே மனு எழுதினவன் நான். இப்படி ஒரு படிவத்தை என் மேஜையில் யாராவது வைத்திருந்தால் திருப்பிக் கொடுத்திருப்பேன்.

போகட்டும். நீ கொஞ்சம் யோசித்துப் பார். கல்லுக்குண்டு மாதிரி இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு முதியோர் இல்லத்துக்குப் போனால் நாலு பேர் என்ன சொல்வார்கள்? பெரியவன் முகத்தை எங்கே வைத்துக்கொள்வான்? நேற்றுகூட, "என்னப்பா, நாங்க என்ன கொறை வெச்சோம்?" என்று கேட்டான்.

இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை. கூடத்தில் படுக்கிறேன். டிவி சத்தம் கொஞ்சம் அதிகம், ஆனால் என் காதுக்கு அது தொந்தரவே இல்லை. அவசரப்படாதே. இன்னும் நாள் இருக்கிறது.

அன்புடன்,
உன் கணவன்


மார்ச் 24

பெரியவன் அப்பாவுக்கு,

இது இல்லம் இல்லை, குடியிருப்பு. சொந்த அடுப்பு, சொந்தக் கதவு. என் சாவியை நான்தான் வைத்திருக்கிறேன். நமக்கு ஏற்ற வாடகையில் இப்படி ஒரு வீடு கிடைக்க நாலு வருஷம் வரிசையில் நின்றேன். ஆறு மாதத்துக்கு ஒரு முறை போய், "இன்னும் உயிரோடுதான் இருக்கிறேன், பெயரை எடுத்துவிடாதீர்கள்" என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வருவேன். உங்களுக்கு இது தெரியாது. நீங்கள் கேட்டதும் இல்லை.

நாலு பேர் என்ன சொல்வார்கள் என்கிறீர்களே, ஐந்து வருஷத்துக்கு முன்னால் நாம் இருந்த வாடகை வீட்டைக் காலி செய்தபோது அந்த நாலு பேர் எங்கே போனார்கள்? பாத்திரம் பிரிக்கிற மாதிரி, அப்பா பெரியவனுக்கு, அம்மா சின்னவளுக்கு என்று பிரித்தார்கள். நீங்கள் தலையை ஆட்டினீர்கள். நானும் வாயைத் திறக்கவில்லை. இரண்டு பேர் மேல் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது, ஒருவர் நீங்கள், இன்னொருவர் நான்.

சின்னவள் நல்லவள்தான். ஆனால் அவள் வீட்டில் தண்ணீர் குடிக்கக்கூட, "இந்த டம்ளர எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டுக்கொண்டிருந்தேன். இங்கே வந்த முதல் நாள் டம்ளரை எடுக்கக் கை நீட்டிவிட்டு, யாரைக் கேட்பது என்று திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை. எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது.

நீங்கள் இல்லாமல் எனக்கு இங்கே நன்றாக இல்லை. வேறு எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. படிவத்தை நிரப்புங்கள்.

இப்படிக்கு,
பெரியவன் அம்மா


ஏப்ரல் 2

அன்புள்ள பெரியவன் அம்மாவுக்கு,

நீ கேட்டபடியே செய்துவிட்டேன். படிவத்தை நிரப்பி, உனக்குச் சிரமம் கொடுக்க வேண்டாம் என்று நேராகக் குடியிருப்பு அலுவலகத்துக்கே பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். பேரன் பார்த்துவிட்டு, "அச்சடிச்ச மாதிரி இருக்கு தாத்தா" என்றான். கை இன்னும் நடுங்கவில்லை.

பேரனுக்குப் பரீட்சை வருகிறது. அவன் கூடத்தில் படிக்க வேண்டும் என்பதால் என் கட்டிலைப் பால்கனிக்கு மாற்றியிருக்கிறார்கள். நல்ல காற்றோட்டம். தெருவைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். அதற்காகத்தான் படிவத்தை அனுப்பினேன் என்று நினைக்காதே. நீ அழுததாக எழுதியிருந்தாய் அல்லவா, அதனால்தான்.

அன்புடன்,
உன் கணவன்


ஏப்ரல் 10

பெரியவன் அப்பாவுக்கு,

என்ன காரியம் செய்து வைத்திருக்கிறீர்கள்!

இன்று காலை ஆபீஸ் அம்மா என்னைக் கூப்பிட்டனுப்பினாள். உங்கள் படிவம் மேஜையில் இருந்தது. முதல் கட்டத்தில், குடும்பத் தலைவர் என்ற இடத்தில், உங்கள் பெயர். நான்காம் கட்டத்தில், சார்ந்திருப்பவர் என்ற இடத்தில், என் பெயர்.

"வீட்ட அவரு பேருக்குக் கேக்கறாரு. அப்போ இது புது மனு. வரிசையில கடைசிக்குப் போகும்" என்றாள்.

"கை தவறி எழுதிட்டாரும்மா" என்றேன்.

"கை தவறின மாதிரி தெரியலையே, முத்து முத்தா எழுதியிருக்காரு. இன்னொண்ணு, ஒருத்தர் பேரு ரெண்டு மனுவுல இருக்கக் கூடாது. இவரு மனுவுல நீங்க இருக்கறதால உங்க வீட்டையும் இப்ப நிறுத்தி வெக்கணும்."

மதியம் வரை பெஞ்சில் உட்கார்ந்தே இருந்தேன். நர்ஸம்மா வந்து எனக்காகச் சண்டை போட்டாள். கடைசியில், மே இரண்டுக்குள் சரியான படிவம் வந்தால் இதைத் தவறு என்று திருப்பிவிடுவதாக ஒப்புக்கொண்டார்கள்.

ஊரில் உள்ளவன் மனுவெல்லாம் சரியாக எழுதினவருக்குச் சொந்தப் பெண்டாட்டி வீட்டுக்கு ஒரு படிவம் எழுதத் தெரியவில்லை. இல்லை, தெரியாமல் இல்லை. பழகிப்போயிற்று. பிள்ளைகளின் பள்ளிக்கூடப் படிவத்திலிருந்து எல்லாவற்றிலும் என்னை அந்தக் கட்டத்தில்தானே எழுதினீர்கள்? மனு எழுத ஆள் வராத மழைக்காலத்தில் என் சம்பளத்தில்தான் வீட்டில் அடுப்பு எரிந்தது. அந்த மாதங்களிலும் நான் சார்ந்திருப்பவள்தான். நான் ஒன்றையும் படித்துப் பார்த்ததில்லை. நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டேன். இன்றைக்குத்தான் முதல் தடவையாகப் படித்தேன்.

இத்துடன் புதுப் படிவம் வைத்திருக்கிறேன். முதல் கட்டத்தில் என் பெயரை நானே எழுதிவிட்டேன். நான்காம் கட்டம் உங்களுடையது.

இப்படிக்கு,
முப்பத்தாறாம் எண் வீட்டிலிருந்து


ஏப்ரல் 15

பெரியவன் அம்மாவுக்கு,

கடிதம் கண்டேன். ஒரு காகிதத்துக்காக இவ்வளவு பேசியிருக்க வேண்டாம்.

வேண்டுமென்று எழுதவில்லை. பேனா அதுபாட்டுக்கு எழுதிவிட்டது. அந்த ஆபீஸ் அம்மா நினைத்தால் இரண்டு பெயரையும் இடம் மாற்றி எழுதிக்கொள்ளலாம். சட்டம் பேசுகிறாள். புதுப் படிவத்தோடு மூன்று தடவை உட்கார்ந்தேன். எழுபத்திரண்டு வயதில் மனைவியைச் சார்ந்திருப்பவன் என்று என் கையாலேயே எழுத வேண்டுமாம். பெரியவன் பார்த்தால் என்ன நினைப்பான்?

ஒரு யோசனை. நீ ஏன் இங்கே வந்துவிடக் கூடாது? அளந்து பார்த்தேன். பால்கனியில் இன்னொரு கட்டில் போட இடம் இருக்கிறது.

உன் கணவன்


ஏப்ரல் 19

பெரியவன் அப்பாவுக்கு,

பால்கனிக்கு நான் வரமாட்டேன். அளந்து பார்த்தீர்களாமே, நெஞ்சு வெந்துபோயிற்று.

தரைத்தளத்து ஒருவர் அறையைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். ஜன்னலைத் திறக்க முடியாது. ஆனாலும் அதற்கும் என்னிடம்தான் சாவி இருக்கும். நீங்கள் வராவிட்டால் அங்கே போகிறேன். இன்னொரு முறை கெஞ்ச மாட்டேன். எனக்கு இனிக் கடிதம் எழுத வேண்டாம். எழுத வேண்டியதை அந்தக் கட்டத்தில் எழுதுங்கள்.

மே இரண்டு, மாலை நாலு மணி.


ஏப்ரல் 26

அன்புள்ளவளுக்கு,

எழுத வேண்டாம் என்றாய். இருந்தாலும் எழுதுகிறேன்.

நேற்று மத்தியானம் இங்கே மழை. கட்டிலை உள்ளே இழுத்தேன். "மாமா, சத்தமில்லாம இழுங்க, அவன் படிக்கறான்" என்றாள் மருமகள். அவள் மேல் தவறில்லை. எனக்குத்தான் நான் போடுகிற சத்தம் கேட்பதில்லை. கட்டிலை எங்கே போடுவது என்று தெரியாமல், நடுக்கூடத்தில் அதைப் பிடித்துக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றேன். அப்படியே உட்கார்ந்து உன் படிவத்தை எடுத்தேன்.

என்ன ஆயிற்று தெரியுமா? நான்காம் கட்டத்தில் என் கை மறுபடியும் உன் பெயரையே எழுதிவிட்டது. பார்த்துக்கொண்டே இருக்கிறேன், எழுதி முடித்துவிட்டது. வெட்கமாகப் போயிற்று. ஒரு கோடு போட்டு அடித்து, மேலே என் பெயரை எழுதினேன். உறவு என்ற இடத்தில் கணவன் என்று எழுதினேன். கையெழுத்தும் போட்டுவிட்டேன்.

அடித்தல் உள்ள படிவத்தைத் தாக்கல் செய்யக் கூடாது. நான் ஒருநாளும் செய்ததில்லை. இதை உனக்குக் காட்டத்தான் அனுப்புகிறேன். வேறு ஒரு சுத்தமான படிவம் அனுப்பி வை, உடனே எழுதித் தருகிறேன்.

எனக்கு அங்கே வரவேண்டும் போல இருக்கிறது. இதைப் போனில் சொல்ல முடியாது. இங்கே மற்ற எல்லோருக்கும் நன்றாகக் காது கேட்கிறது.

உன்
கணவன்


மே 2

பெரியவன் அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் இன்று பகல் பன்னிரண்டரைக்கு வந்தது. கடைசி நாளில், "வேறு ஒரு சுத்தமான படிவம் அனுப்பி வை" என்று எழுதுகிற மனுஷனை என்ன செய்வது? படித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டேன். நர்ஸம்மா பயந்துபோய் என்ன ஏது என்று கேட்டாள். சொல்லத் தெரியாமல் படிவத்தை நீட்டினேன். "அடிச்சிருந்தா என்ன, எழுதியிருக்காருல்ல? ஓடுங்க" என்று விரட்டினாள். இன்றைக்கும் லிஃப்ட் ஓடவில்லை. இரண்டு மாடியும் படியிறங்கினேன்.

ஆபீஸ் அம்மா படிவத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள். நான்காம் கட்டத்தில் விரலை வைத்து, "இங்க யாரு பேர அடிச்சிருக்காரு?" என்று கேட்டாள். "எம் பேரத்தாம்மா" என்றேன். மேஜை இழுப்பறையைத் திறந்து பேனாவைத் தேடினாள்.

கோபம் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டு வராதீர்கள். போகவில்லை. பேச வேண்டியது நிறைய இருக்கிறது, அதை முழுக்க உங்கள் காதில் விழும்படி கத்தித்தான் பேசப்போகிறேன். செவ்வாய்க்கிழமை காலை பஸ்ஸில் ஏறுங்கள். கட்டிலைக் கொண்டுவர வேண்டாம், இங்கே இரண்டு இருக்கிறது.

அடித்த இடத்துக்குப் பக்கத்தில் குடும்பத் தலைவர் சுருக்கொப்பம் போட்டால் படிவம் செல்லுமாம். பேனாவை என்னிடம் நீட்டினாள். போட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி