பிரேக்கில் பூசிய எண்ணெய்

என்னங்க, ஸ்டெல்லாவின் அப்பா,

முதலில் நல்ல சேதி. நம் டாக்சி எப்.சி. சோதனையில் பாஸாகிவிட்டது. திட்டு வாங்க வேண்டிய சேதி பின்னால் வருகிறது, பொறுமையாகக் கேளுங்கள். உயிரோடு இருந்தபோதும் உங்களுக்கு வராத குணம் அது.

நீங்கள் போன பிறகு வண்டியை உங்கள் சிநேகிதர் முனுசாமிதான் ஓட்டுகிறார். அவர் வீட்டு அடுப்பும் நம் வீட்டு அடுப்பும் அந்த ஒரு வண்டியை நம்பித்தான் எரிகின்றன. போன மாதம் பிரேக் இன்ஸ்பெக்டர், பிடிப்பு போதாதென்று திருப்பி அனுப்பிவிட்டார். இந்த முறையும் தவறினால் பழைய இரும்புக்குத்தான் போடவேண்டும் என்றார் முனுசாமி. அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

நேற்றுக் காலை ஜீவனஹள்ளியில் நம் வாசலிலேயே ஜாக்கி போட்டு முன் சக்கரங்களைக் கழற்றினார். பிரேக்குக்குப் புது லைனிங் மாட்டிவிட்டு, டிரம்மை மூடுவதற்கு முன்னால் டீ குடிக்கப் போனார்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? கோயிலில் மந்திரித்துக் கொடுத்த எண்ணெய், உங்கள் நெஞ்சில் தடவியது போகக் கொஞ்சம் மிச்சம் இருந்தது. நோவு இருக்கிற இடத்தில்தானே பூச வேண்டும்? இடது சக்கரத்து லைனிங் மேல் விரலால் தாராளமாகச் சிலுவை போட்டேன். வலது பக்கம் போவதற்குள் அவர் திரும்பிவந்துவிட்டார்.

மாட்டி முடித்து ஓட்டிப் பார்த்தால், மிதித்ததும் வண்டி வலது பக்கம் இழுக்கிறது. பாவம் முனுசாமி, தன் வேலையில்தான் குறை என்று நினைத்துக்கொண்டார். "ஸ்பிரிங் பட்டை ஏதோ ஒடஞ்சிருக்கும் போல அண்ணி" என்று அடியில் படுத்து ஒவ்வொரு பட்டையாகத் தட்டிப் பார்த்தார். சக்கரத்தைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். எல்லாம் கெட்டியாகத்தான் இருந்தது.

எண்ணெய்க் கையால் குடத்தைத் தூக்கினால் வழுக்கும் என்று தெரியாதவளா நான்? தெரிந்தும் மதியம் வரை வாயைத் திறக்கவில்லை. அவ்வளவு வெட்கம். கடைசியில் அவரே, "இப்டியே கொண்டுபோறேன் அண்ணி. மெதுவா மிதிச்சா தெரியாது" என்றார். எதிரே ஒரு பஸ் வந்தால் என்ன ஆகும் என்று நினைத்தேன். சொல்லிவிட்டேன்.

அவர் சிரித்துவிட்டார். "காலைலயே சொல்லியிருந்தா என் முதுகு தப்பிச்சிருக்குமே. பிரேக்குக்கு எண்ணெ ஆகாது அண்ணி. சாமி எண்ணெயா இருந்தாலும் அப்படித்தான்." பெட்ரோலில் கழுவி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மறுபடியும் மாட்டினார்.

இன்று சோதனைக்கு நானும் கூடப் போனேன். இன்ஸ்பெக்டர் தானே உட்கார்ந்து ஓட்டினார். சட்டென்று மிதித்தார். வண்டி நூல் பிடித்தமாதிரி நேராக நின்றது. "சரியாகிதே, ஹோகி" என்று கன்னடத்தில் போகச் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். நான் அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். அப்பாடா என்றிருந்தது.

சொல்லிவிட்டால் மனசு இவ்வளவு லேசாகும் என்று தெரிந்துபோனதால் இன்னொன்றும் சொல்கிறேன். ஆஸ்பத்திரியில், டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டீர்களே. பத்து நாளில் எழுந்து வண்டி ஓட்டலாம் என்று சொன்னதாகச் சொன்னேன். அவர் அப்படிச் சொல்லவில்லை. இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்றுதான் சொன்னார்.

நீங்கள் தலையை ஆட்டிவிட்டு, "முனுசாமி கிட்ட சாவியக் குடுத்துடு" என்றீர்கள். கூடப்பிறந்த தம்பிக்குக்கூட ஒரு நாளும் ஸ்டியரிங்கைத் தராத மனுஷர், பத்து நாளுக்காகவா சாவியைக் கொடுக்கச் சொன்னீர்கள்? என் பொய் உங்களுக்கு அப்போதே தெரிந்துவிட்டதா? தெரிந்தும் எனக்காகச் சும்மா இருந்தீர்களா?

இனி ஒரு தப்பு செய்தால் அன்றைக்கே சொல்லிவிடுவேன். முனுசாமியிடமும், ஸ்டெல்லாவிடமும், உங்களிடமும். இது சத்தியம்.

சொன்னபடியே சாவியைக் கொடுத்துவிட்ட
உங்கள் மனைவி
மேரி