ஒழுகாத சுவர்

அன்புள்ள வடிவு,

நேற்று நீயும் உன் கணவரும் குற்றாலத்தில் எங்கள் கூட்டுறவுச் சங்கம் விற்கும் ஒற்றைப் படுக்கையறை வீட்டைப் பார்க்க வந்தீர்கள். சாவியோடு நின்ற என்னை, "ஏட்டி, இங்கனயா வேலை பாக்குத?" என்று கட்டிக்கொண்டாய்.

சாரலில் சுவர் ஒழுகும் என்றேன். உன் கணவர் வேண்டாமென்று தலையாட்டினார். நீ பால்கனியைவிட்டு வரவேயில்லை.

ஒழுகாது. பொய் சொன்னேன்.

இரண்டு வருடமாக அந்தப் பால்கனியில், மலையில் மேகம் இறங்குவதைப் பார்த்தபடிதான் மதியம் சாப்பிடுகிறேன். யாருக்கும் தெரியாது. வேறு யார் வாங்கினாலும் பொறுத்திருப்பேன்; நீ என்றதும் முடியவில்லை. கல்லூரியில் உன்னைவிட எனக்குத்தான் மதிப்பெண் அதிகம்.

வெள்ளிக்கிழமை உறுப்பினர் கூட்டம். அவர்கள் சம்மதித்தால்தான் வாங்கலாம். அதற்குள் விண்ணப்பம் கொடுத்துவிடு.

சமையலறை மேல்தட்டில் ஓர் எவர்சில்வர் தட்டு இருக்கிறது. சாவி தருவதற்குள் எடுத்துவிடுகிறேன்.

உன் பழைய பெஞ்சுத் தோழி