ஆறு நாப்பதுக்கு பதினோரு பேரு

நவம்பர் 3, திங்கள்
விடியறப்பவே தூறல். 6.40 டவுன் பஸ் இன்னிலேர்ந்து கிடையாது. பதிலுக்கு மினி பஸ்ஸு. முந்தின நாள் சாயங்காலம் பஸ் ஆபீசுக்கு போன் பண்ணி பேரு, ஏறுற எடம் சொன்னாத்தான் வரும். ஊர்ல அதுக்குள்ள பேரு வச்சாச்சு: கூப்பிடு வண்டி.

நேத்து நான் கூப்பிட்டேன். 6.35க்கே தெருமுனையில நிக்குது. பழைய பஸ்ஸு கூட்டம்னா நிறுத்தாமலே போயிடும். தளவானூர்லேர்ந்து செஞ்சி தையல் கம்பெனிக்குப் போறவங்க பதினோரு பேரு, எல்லாருக்கும் சீட்டு. கம்பெனி கேட்டை 7.30க்கு மூடிடுவாங்க. மாசத்துல மூணு தரம் வெளிய நின்னா வேலை போச்சு.

நவ. 4, செவ்வாய்
வெயில். முறை போட்டுக் குடுத்தேன். ஒரு நாளைக்கு ஒருத்தி கூப்பிட்டா போதும். ரேஷன் கடையில ஒருத்தி போயி பத்து பையை வரிசையில வைக்கிறதில்லையா, அப்பிடி. இன்னிக்கு நூர்ஜகான், நாளைக்கு தேவகி. செல்விக்கு முறை இல்ல, போன் புருஷன்கிட்ட.
"இன்னாடி, ஆபீசரு மாதிரி சார்ட்டு?" நூரு.
பெருமையாத்தான் இருந்துச்சு.
கேஸ் புக் பண்ணணும். சோப்பு. மாத்திரை.

நவ. 13, வியாழன்
டிரைவர் சொல்றாரு: "அக்கா, திங்கக்கிழமையிலேர்ந்து காலை ட்ரிப் கட்டு. தினம் ஒரே ஆளுதான் வர்றாங்கன்னு ஆபீஸ்ல சொல்லிட்டாங்க."
"அப்ப நாங்க பத்து பேரு இன்னா பேயா?"
"கூப்பிட்டவங்க பேரு மட்டும்தான் கணக்கு. லேடீஸ் ஃப்ரீதானேன்னு நானும் டிக்கெட் கிழிக்கல."
சார்ட்டு போட்டவ நான். என் புத்தியச் செருப்பால அடிக்கணும். செல்வி கேட்டா, "வேலைய விட்டுடணுமா அக்கா?"

நவ. 14, வெள்ளி
அரை நாள் லீவு. பஸ் ஆபீசு. ஆபீசரு கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினாரு. தினம் ஒண்ணு, ஒண்ணு, ஒண்ணு.
"தேவை இருந்தா பதிவு இருக்கும்மா."
"பழைய பஸ்ஸுக்கு ரோட்டுல நின்னாலே போதும் சார். இதுக்கு ஒவ்வொருத்தரும் வாயத் தொறந்து சொல்லணும்னு தெரியல."
ஞாயிறு சாயங்காலம் வரைக்கும் டைம் குடுத்தாரு. அதுக்குள்ள பதினோரு பேரும் கூப்பிட்டா ட்ரிப்பை நிறுத்த மாட்டாராம். ஒரு போன் நம்பருக்கு ஒரு பேருதானாம். சரி. கெடுத்தது நான், நானே சரி பண்றேன்.

நவ. 16, ஞாயிறு
மழை. குடையோட வீடு வீடா. பத்து பேரு முடிஞ்சுது. செல்வி புருஷன் போன் தரல. "இவ பேசி இன்னா ஆவப் போவுது?"
"சம்பளம் மட்டும் வேணும், போன் குடுக்க மாட்டியா?" வாசல்லியே நின்னுட்டேன். நனைஞ்சேன். கடைசியில குடுத்தான்.
செல்வி போன்ல "குமார் சம்சாரம்"னு ஆரம்பிச்சா. "உம் பேரைச் சொல்லுடி"ன்னேன். மெதுவா சொன்னா.

நவ. 17, திங்கள்
வண்டி வந்துச்சு. டிரைவர் லிஸ்ட்டைப் பார்த்து பேரு பேரா வாசிச்சாரு. பதினொண்ணும் இருக்குது.
சாயங்காலம் மறுபடி போன். எடுத்த பொண்ணுகிட்ட சொன்னேன்: "தினமும் இதே பதினோரு பேரு, இதே எடம், இதே நேரம். ஒரேடியா எழுதிக்கோம்மா." 'தினமும்'னு போட கம்ப்யூட்டர்ல எடமே இல்லியாம். அதுக்கு ரூட் பஸ்ஸுதான் விடணுமாம்.
அப்ப விடுங்கன்னேன்.
விடற வரைக்கும் பதினோரு பேரும் தினம் கூப்பிடுவோம். யாரு சலிச்சுப் போறாங்கன்னு பார்ப்போம். நான் போனை வச்சதும் நூரு கூப்பிட்டா, அப்புறம் தேவகி. இப்ப எதிர் வீட்ல செல்வி, போன்ல, தெருவுக்கே கேக்குது: "செல்வி. சம்சாரம்லாம் வேணாம், செல்வின்னு போடுங்க."